சிறைக்கு ஜன்னல் இறக்கியவர்

வேலையிடத்தில் அவருக்குச் 'சுண்ணாம்பு மேடம்' என்று பெயர். பழைய சுவரில் யாராவது சிமென்ட் பூசிவிட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். "சுவர் மூச்சு விடணும்ப்பா, அது வாயைப் பொத்தாதீங்க! சுண்ணாம்பையே பூசுங்க!" ஒரு காலத்தில் கண்ணாடிக் கட்டடங்களாக வரைந்து தள்ளிய கட்டடக் கலைஞர்தான் அவரும். ஏசி நின்றால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோகும் கட்டடங்கள். அது அலுத்துப்போய்த்தான் பழைய கட்டடங்கள் பக்கம் வந்தார்.

ஊரின் பழைய சிறையை நூலகமாக்கும் வேலை கிடைத்ததும், ஓடிவந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். பஸ் ஓட்டியவர் அவர். வேலைநிறுத்தம் ஒன்றில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய், ஒரு கோடை முழுக்க அந்தச் சிறையில்தான் அடைத்துவைத்திருந்தார்கள்.

"இடிச்சுத் தரைமட்டமாக்கு. அதுக்கென்ன அலங்காரம்?"

"இடிச்சா அத்தனை செங்கல்லும் குப்பைக்குப் போகும்ப்பா. புதுசா கட்ட மறுபடி சூளை, சிமென்ட், லாரி, புகை. இந்தச் சுவர் அவ்வளவு கனம், வெயிலே உள்ள வராது."

"வெயில் வராதுன்னு எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அதன்பின் பல நாள் அப்பா தனியாகவே சாப்பிட்டார்.

ஒரு காலையில் மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தின் அருகே அப்பா தானாக வந்து நின்றார். ஜன்னல் ஒன்றின்மேல் விரலை வைத்தார். "இது தலைக்கு மேல இருக்கும். ஆகாசம்தான் தெரியும். ஒரு மனுஷ முகம் தெரியாதான்னு ஏங்கிக் கிடப்போம்." சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டார்.

முற்றத்துப் பக்க ஜன்னல்களையெல்லாம், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு இறக்குவதென்று மகள் முடிவெடுத்தார். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவினர் முறைத்தார்கள். "சரித்திரத்தையே திருத்துறீங்களே!"

"ஒரு அறையை அப்படியே விட்டுடறேன். வர்றவங்க பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். மத்ததுல ஆளுங்க உட்கார்ந்து படிக்கணும், வெளிச்சமும் காத்தும் வேணும்."

இழுபறிக்குப் பிறகு சம்மதித்தார்கள். வெட்டியெடுத்த செங்கற்கள் முற்றத்தில் இருக்கைகளாயின. ஜன்னல் கம்பிகள் அலமாரிச் சட்டங்களாயின.

திறப்பு விழாவுக்கு அப்பா வரவில்லை. அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். முற்றத்தில் நின்று ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"யாரையாவது தேடுறீங்களா ஐயா?"

"இல்லம்மா. நீ படி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூரத்தில் நின்ற மகள் கிட்டே போகவில்லை.

இப்போது தினமும் வருகிறார். அறைகளுக்குள் மட்டும் இன்றுவரை கால் வைத்ததில்லை. முற்றத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்தால் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று நூலகர் புகார் சொல்கிறார்.

"நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க சார்," என்கிறார் மகள். "எனக்கு பயம்."