கோணிப்போன கோடு

தையல் கம்பெனியில் அவருக்குப் பெயர் கத்திரி. இருபது வருடம் துணி வெட்டும் மெஷினில் நின்றவர். வலிப்பு வந்து மேசையடியில் விழுந்த நாளிலிருந்து, துணியில் சாக்பீஸால் கோடு போடும் வேலை மட்டும்தான். டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் மறுபடி கத்தியைத் தொடலாம். அதற்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டு நிரப்பும் இந்தக் கேள்வித்தாளில் நல்ல மார்க் வரவேண்டும். நோயை நீயே எவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாய் என்று அளக்கிற தாள். ஆளை அளக்க இஞ்சு டேப் போதாதாம்!

நர்ஸ் கேட்கக் கேட்கக் கத்திரி அள்ளிவிட்டார். மாத்திரை தவறுவதுண்டா? ஒருபோதும் இல்லை. தூக்கம்? எப்போதும் சரியாக. பக்கத்தில் மனைவி. அவர் கோடு போட்ட துணியைச் சரிபார்த்து வெட்டுக்கு அனுப்புகிறவள் அவள்தான். மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வலிப்பு வர்றத குறிச்சு வைக்கிறீங்களாண்ணே?" என்றார் நர்ஸ்.

"வந்தாத்தானே சிஸ்டர் குறிக்க!"

மூன்று தடவை வந்தது அவருக்குத் தெரியும். ஒரு நொடி எல்லாம் அணைந்துபோகும். பிறகு பார்த்தால் கோடு கோணியிருக்கும். துண்டைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மனைவி பையைத் திறந்து துணித்துண்டுகளை மேசைமேல் விரித்தாள். ஒவ்வொன்றிலும் நேராக வந்த கோடு திடீரென்று கோணி ஓடியது. ஓரத்தில் அவள் நூலால் தைத்த தேதி.

"எண்ணுங்க."

எண்ணினார். பதினொன்று.

"மூணு நீங்க கூடையில எறிஞ்சது. மிச்ச எட்டு, சரியா இருக்குன்னு நீங்களே எங்கிட்ட தள்ளிவிட்டது."

எட்டு. வந்ததே தெரியாத எட்டு. அப்போது கையில் இருந்தது சாக்பீஸ். கடிதம் மட்டும் கிடைத்திருந்தால்? கையில் கத்தி இருந்திருக்கும். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"சொன்னா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்களோன்னு பயம். சொல்லாட்டி கை போயிடுமோன்னு பயம். நான் என்னங்க பண்ணுவேன்?"

அவர் மேசைமேல் இருந்த தாளை நர்ஸ் பக்கம் தள்ளினார்.

"எல்லாத்தையும் அடிச்சுட்டு மொதல்லேருந்து கேளுங்க சிஸ்டர். குறிச்சு வைக்கிறதுக்கு மட்டும் 'எப்பவும்'னே போடுங்க. குறிக்கிறது நானில்ல, இவ."