ஒரு சொல்லைத் திருத்த ஷார்ஜாவில் இறங்கிய கதை

நான் வேலை பார்த்த நிறுவனம் துபாய்க் கிளையை மூடியதால் என் விசா ரத்தானது. சட்டப்படி இங்கே தங்க இன்னும் முப்பத்தொரு நாட்கள் இருந்தன. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராஸ் அல் கைமாவுக்குப் போனது அதனால்தான்.

திறமையாளர்களுக்கும் புதிய கருவிகளை உருவாக்கியவர்களுக்குமான நீண்டகால விசாவுக்கு, என் பிரிவில், ஏதாவது ஓர் அமீரகத்தின் அரசுத் துறை முதலில் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அதற்கான நேர்காணல் ராஸ் அல் கைமாவில், பகல் பன்னிரண்டுக்கு. தவறவிட்டால் அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து. அதற்குள் நான் ஊரில் இருப்பேன்.

போகும் வழியில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. காலை 6.50க்கு துபாய் யூனியன் பஸ் நிலையத்தில் பஸ், 12 திர்ஹம். எதிர்த்திசையில் துபாய்க்கு வரும் வண்டிகள் நகராமல் நிற்க, நாங்கள் நாற்பது நிமிடத்தில் ஷார்ஜா போய்விட்டோம். அங்கிருந்து டாக்சி, 18 திர்ஹம்.

கையெழுத்துப் போட வேண்டியவர் சாகுல். கீழக்கரைக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஏசி மெக்கானிக். முந்தைய நாள்தான் லீவு முடிந்து திரும்பியிருந்தார். என் கருவி, குளிர்பதனக் கிடங்குகளில் கம்ப்ரெசரின் ஓசையைக் கேட்டு, பழுதாகும் முன்பே எச்சரிப்பது. ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சோதித்தபோது முதல் மூன்று மாதம் அது தப்பும் தவறுமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே டூட்டிக்கு வந்த சாகுல் ஸ்க்ரூடிரைவர் முனையைக் கம்ப்ரெசர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். சென்சாரை அந்த வட்டத்துக்கு மாற்றிய பிறகுதான் கருவி வேலை செய்தது.

விண்ணப்பத்தில் அவர் பெயருக்கு எதிரே ஆங்கிலத்தில் ‘தொழில்நுட்பத் துணைவர்’ என்ற பொருளில் எழுதியிருந்தேன். டைப்பிங் சென்டரில் அதை அரபியில் ஒரே சொல்லாக அடித்துக் கொடுத்தார்கள். எனக்கு அரபி தெரியாது.

சாகுல் வேலை செய்யும் கராஜில் டீ வந்தது. புது விசாவுக்குக் கஃபீல், அதாவது பொறுப்பேற்கும் முதலாளி, யார் என்று கேட்டார். யாரும் கிடையாது என்றேன்.

“அப்ப லீவு யார்ட்ட கேப்ப?”

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். மதரசாவில் ஓதியவர், அரபி எழுத்து வாசிப்பார். தன் பெயரை விரலால் தொட்டு, பக்கத்துச் சொல்லுக்கு வந்து நின்றார்.

“முஸாயித். என் லேபர் கார்டுலயும் இதேதாம்மா. ஹெல்பர். பதினோரு வருஷமா நான் ஹெல்பர்தான். நீயும் அதே வேலைக்குத்தான் எடுத்திருக்க, சம்பளத்த மட்டும் சொல்லல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பேனாவையும் எடுத்துவிட்டார்.

மணி 8.40. ராஸ் அல் கைமா பஸ் 9.30க்கு. அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ‘ஹெல்பர்’ என்றால் கேள்வி வராது. பங்காளி என்றால் அவருடைய பட்டம் என்ன, சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். அவர் படித்தது பத்தாவது.

தாளைத் திருப்பி வாங்கினேன்.

“விடு தங்கச்சி, பஸ் போயிரும்.”

போய்விட்டது. தெருமுனை டைப்பிங் சென்டர் ஒன்பதுக்குத்தான் திறந்தது. சொல்லை மாற்ற 40 திர்ஹம், ஐம்பது நிமிடம். சாகுல் கூடவே நின்று, பங்காளி என்று பொருள்படும் ‘ஷரீக்’ வந்திருப்பதை வாசித்துப் பார்த்த பின் கையெழுத்திட்டார். பிறகு டாக்சி, தொண்ணூறு கிலோமீட்டர், 210 திர்ஹம். பெஷாவர்க்கார டிரைவர் இன்டர்வியூவா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பின் அவர் வேகத்தையும் கூட்டவில்லை, பேச்சையும் கூட்டவில்லை. இருபுறமும் மணல். 11.30க்கு இறக்கிவிட்டார்.

அதிகாரி ஒரு பெண். நான் பயந்த கேள்வியையே கேட்டார்: இவருடைய கல்வித் தகுதி என்ன, கட்டம் காலியாக இருக்கிறதே? ஸ்க்ரூடிரைவரைப் பற்றிச் சொன்னேன். தன் பேனாவை எடுத்து மேஜையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு ஓரத்தில் அரபியில் ஒரு வரி எழுதினார். என்னவென்று கேட்க எனக்குத் துணிவில்லை. இரண்டு பெயர் இருப்பதால் கூடுதல் நாளாகும் என்று மட்டும் சொன்னார்.

இருபத்தாறு நாளாயிற்று. பெட்டியைக் கட்டி முடித்திருந்தேன். அப்போதுதான் பரிந்துரைக் கடிதம் வந்தது, என் பெயருக்கு மட்டும். சாகுல் இன்னும் அதே கார்டில், அதே கஃபீலிடம். ஆனால் கடிதத்தின் இணைப்பில், இரண்டாம் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். குரல்பதிவில் பதில் வந்தது, பின்னால் கம்ப்ரெசர் இரைச்சலோடு.

“ஷரீக்னுதான் இருக்கு. என் பேருலதான் அலிஃப்னு ஒரு எழுத்த விட்டுட்டான்.”

போகிறவர்களுக்கு: பஸ்ஸை நம்பினால் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். அசல் சான்றிதழ்களோடு இரண்டு நகல் வையுங்கள். அரபிப் பிரதியை, அந்த எழுத்து தெரிந்த ஒருவரை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே வாசித்தால் இன்னும் நல்லது.