கடைமடையில் கூடிய ஐரிஷ் பார்லிமெண்ட்

நேற்றுக் காலை பூசை முடித்துக் கை நிறையத் திருநீற்றோடு எழுந்தபோது அலைபேசித் திரையில் பஷீர் சிரித்தான். என்னிடம் வரலாறு படித்தவன். மகளைப் பார்க்க டப்ளின் போயிருக்கிறான். தாடி முழுதும் வெள்ளை.

"சார், எங்க நிக்கிறேன் சொல்லுங்க பாப்போம்!"

பின்னால் வளைந்து சென்ற தூண்வரிசை. பழைய ஐரிஷ் பார்லிமெண்ட்!

"உள்ள பேங்க் சார்!"

நான் சிரித்த சிரிப்பில் திருநீறு மூக்குக்கண்ணாடியெங்கும் அப்பிக்கொண்டது.

காரணம் கேட்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரியொன்றில் நான் புதிதாய்ச் சேர்ந்த விரிவுரையாளன். வரலாற்று மன்றத்துக்கு ஓட்டுக்கூரைக் கூடம் ஒன்று இருந்தது. பக்கத்து மில்லின் புழுங்கல் நெல் வாசனை நாள்முழுதும் அதில் குடியிருக்கும். அதை ஒரு வங்கிக்கு வாடகைக்கு விட நிர்வாகம் விரும்பியது. "ஒரு நிகழ்ச்சி நடத்துங்க. சோபிச்சா கூடம் உங்களுக்கு, இல்லேன்னா சாவியக் குடுத்துடுங்க" என்றார் முதல்வர்.

கூடத்தைக் காப்பாற்ற வேண்டிய நான் தேர்ந்தெடுத்த நாடகம் எது தெரியுமா? டப்ளின் பார்லிமெண்ட் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு லண்டனோடு சேர வாக்களித்த கதை! அதன் கட்டிடம் பிறகு வங்கிக்குப் போனது வேறு. இறைவன் அன்று என் அறிவைச் சற்றே மறைத்து அருளியிருக்க வேண்டும்.

நான்தான் சபாநாயகர். அதட்டத் தெரியாது, பதிகம் பாடிப் பழகிய தொண்டை. "அமைதி, அமைதி" என்பதைக் காந்தாரப் பண்ணிலேயே பாடினேன். உறுப்பினர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அமைச்சர் பஷீர். அன்றைய அரசு பிரபுப் பட்டங்களைக் காட்டி உறுப்பினர்களை வளைத்தது அல்லவா? பஷீர் அதை நம் வழக்கப்படி வெற்றிலைத் தட்டோடு செய்தான். "வாங்க மாமா, பிரபுவாயிடுங்க! மச்சான், உங்களுக்கும் ஒண்ணு!" எல்லாரும் வாங்கி மென்றார்கள். சரி, வரலாறு தடம் பிசகவில்லை என்று மகிழ்ந்து வாக்கெடுப்பை அறிவித்தேன்.

முத்துக்குமார் எழுந்தான். கடைமடைக் கிராமத்து விவசாயக் கூலியின் மகன். வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வருமா என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன்.

"லண்டன் தலைமடை, நாம கடைமடை. மடைச் சாவியத் தூக்கி அவங்ககிட்ட குடுக்கறதா? மாட்டோம்!"

பஷீர் பதறினான். "டேய், வெத்தலை வாங்கிட்டியேடா!"

"வெத்தலைதானே போட்டோம்? தட்டு மாத்தலியே!"

கூடம் இடிந்துவிடும்போல் சிரிப்பு. நான் பாட்டை நிறுத்தி உரைநடைக்கு வந்தேன். "முத்து, கத்தோலிக்கருக்கு இடமே தராத சபைப்பா அது. ஊரில் பெரும்பாலோர் அவர்கள்தான்."

"தெரியும் சார். எங்காளுங்களயும்தான் எங்கயும் உள்ள விடல. ஆனா சபை ஊருக்குள்ள இருந்தாத்தானே ஒரு நாள் சண்டை போட்டு உள்ள போலாம்? கடல் தாண்டிப் போயிட்டா யாருகிட்ட போய் சண்டை போடறது?"

 அத்தனை கைகளும் எதிர்த்து உயர்ந்தன. பஷீரின் கையும்! முன்வரிசையில் முதல்வரின் கை எல்லார்க்கும் மேலே. அயர்லாந்து பிழைத்தது.

உயர்த்திய கையை முதல்வர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே கையால நாளைக்கு வாடகைப் பத்திரத்துல எப்படிய்யா கையெழுத்துப் போடுவேன்?"

போடவில்லை. அவர் இருந்தவரை கூடம் எங்களுடையது. அவருக்குப் பின் வந்தவர்கள் எங்கள் வாக்கெடுப்பைப் பார்த்தவர்கள் அல்லர்.

"நம்ம கூடம் எப்படி சார் இருக்கு?" என்றான் பஷீர்.

"அதுவும் பேங்க்தான்ப்பா. என் ஓய்வூதியமே அங்கதான் வருது."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஓடுகள் போய்த் தளம் வந்துவிட்டது. மில்லும் இல்லை, அந்த வாசனையும் இல்லை. சபாநாயகர் நாற்காலி இருந்த இடத்தில் டோக்கன் இயந்திரம். அங்கே இப்போது யாரும் கை தூக்குவதில்லை. எண் வந்தால் எழுந்து போகிறோம். என் எண் வரும்வரை காந்தாரத்தை மெல்ல முனகிக்கொண்டிருப்பேன். காவலாளி அருகில் வந்து, "ஐயா, கொஞ்சம் அமைதியா இருங்க" என்பார்.