செஞ்சியில் நான் குடிக்காத காப்பி

கோட்டை பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோட்டைக்கு வழி கேட்க மாட்டார்கள். அதுதான் எங்கே நின்றாலும் தெரிகிறதே. "சார், இங்க நல்ல காப்பி எங்க கெடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். பேன்ட் போட்டு நிற்கிறேனே என்று என்னிடம் வருவார்கள். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டார்கள். அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் நான் சுகாதார ஆய்வாளனாக இருந்தேன். ஓட்டல், டீக்கடை, கறிக்கடை எல்லாவற்றையும் உள்ளே புகுந்து பார்ப்பது என் வேலை. ஊரில் என்னை 'எல்த்து' என்பார்கள். கடைவீதியில் நான் நுழைந்ததும் "எல்த்து வருது" என்று ஒரு குரல் எனக்கு முன்னால் ஓடும். நான் போய்ச் சேருவதற்குள் ஈ மொய்த்த வடைத் தட்டின்மேல் ஒரு பழைய தினத்தாள் விழுந்திருக்கும்.

"திண்டிவனத்துல எறங்கிக் குடிச்சுட்டு வந்திருக்கலாமே" என்பேன். வேடிக்கை பேசுகிறேன் என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

நான் வேடிக்கை பேசவில்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்த கடையில் டிகாக்ஷன் வடிக்கும் துணிப்பையை ஒருநாள் என் கண்ணெதிரே அலசச் சொன்னேன். கறுப்பு இறங்க இறங்க, பையின் இரண்டு பக்கமும் கைத்துளை இருந்து தைத்து மூடியிருப்பது தெரிந்தது. யாரோ போட்டுக் கழித்த பனியன். "தொவச்சுட்டுதான் சார் தச்சோம்" என்றார் கடைக்காரர். கறிச்சோறு போடும் ஓட்டலில் பரிமாறுகிறவர் மேசையைத் துடைத்த துணியாலேயே கழுத்து வேர்வையைத் துடைத்து, அதே துணியை டம்ளருக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி, நம் முன்னால் பளிச்சென்று வைப்பார். காப்பித்தூளில் வறுத்த புளியங்கொட்டை கலப்பதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை. பாலில் தண்ணீர் கலப்பதுகூடப் பரவாயில்லை, அது எந்தக் குட்டையில் மொண்ட தண்ணீர் என்பதுதான் பயம். ஒருதரம் பாலைச் சோதிக்கும் கருவியை அண்டாவில் விட்டேன். ஒரு தலைப்பிரட்டை மேலே வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

இதையெல்லாம் பார்த்தவனுக்கு எந்தப் பலகையில் உட்கார்ந்தாலும் குமட்டும். ஒரு சமணக் குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில் அறை எடுத்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நானே பொங்கித் தின்றேன். பொழுது சாய்ந்தபின் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆகவே ராத்திரிக்கு மத்தியானத்துச் சோறுதான். ஆனால் அவர்கள் குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பிடிப்பார்கள். அது ஒன்றுக்காகவே ஆறின சோற்றைப் பொறுத்துக்கொண்டேன். காப்பி மட்டும் எனக்குப் போடத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போது வறுத்த வாசனை வந்தால் நாக்கு ஊறும். கூடவே அந்தப் பனியன் ஞாபகமும் வரும்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்ததுதான் ஊரிலேயே பெரிய ஓட்டல். முன்பக்கம் சலவைக்கல் மேசை, ஆளுயரக் கண்ணாடி, சாமி படங்கள், ஊதுவத்தி. முதலாளி குளித்து முழுகிச் சந்தனம் வைத்துக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு சுத்தமான மனிதர் ஊரில் வேறு இல்லை. அந்தச் சுத்தம் கல்லாவோடு நின்றுவிடும். பின்னால் இருட்டுக்குள் மூடியில்லாத ஒரு சிமென்ட் தொட்டி. சோறு வடிக்க, சட்னி அரைக்க, டம்ளர் கழுவ எல்லாம் அந்தத் தண்ணீர்தான். தொட்டிக்கு மூடி போடச் சொல்லி எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தேன். ஒரு பலகை வாங்கிப் போட்டார். அடுத்த வாரம் போனால் பலகை வெயிலில் இருந்தது, அதன்மேல் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

"எல்த்து சாருக்கு ஒரு ஸ்பெஷல்!" என்று என்னைக் கண்டதும் கூவுவார். நுரை ததும்ப டம்ளர் வரும். பித்தம் என்பேன், டாக்டர் வேண்டாமென்றார் என்பேன். "ஒரு வாய் குடிச்சுப் பாரு சார், அப்பறம் பேசு" என்பார். கடைசிவரை நான் குடிக்கவில்லை.

மாசி மாதம் ஒருநாள் காலை, வாடகை பஸ் ஒன்றில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி மாணவிகள் வந்து இறங்கினார்கள். எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். கூட ஒரு டீச்சரம்மா. கண்ணாடி போட்ட, கறாரான முகம். அவரும் என்னிடம்தான் கேட்டார்.

"இங்க எங்க டிபன் நல்லா இருக்கும் சார்?"

"எங்கயும் இருக்காதும்மா. வாழைப்பழம், எளநீர் வாங்கிக்குங்க. கீழ எறங்கினதும் நேரா உங்க ஊருக்குப் போய்ச் சாப்டுங்க."

"இத்தன பொண்ணுங்கள வாழப்பழத்தோட மலை ஏறச் சொல்றீங்களா?"

கல்லாவிலிருந்து முதலாளி எழுந்தே வந்துவிட்டார். "சாருக்கு எங்க ஊருன்னா எளக்காரம். நீங்க வாங்கம்மா, உள்ள ஃபேன் இருக்குது." பெண்கள் சிரித்தார்கள். இட்டிலியும் சட்னியும் காப்பியும் முடித்து, மலைமேல் சாப்பிடத் தயிர்சாதப் பொட்டலமும் கட்டி வாங்கிக்கொண்டு கோட்டைக்குப் போனார்கள்.

மத்தியானம் கழித்து கோட்டைக் காவலாள் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். "சார், டீச்சர் பொண்ணுங்கல்லாம் மல மேல உழுந்து கெடக்குதுங்க. வாந்தியும் பேதியுமா இருக்குது. சீக்கிரம் வா சார்."

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு ஜட்காவில் போனேன். கோட்டை இருக்கும் ராஜகிரி மலைப் படியில் பாதி ஏறுவதற்குள்ளேயே நாற்றம் எதிரே வந்தது. சுட்டுக்கொண்டிருந்த கருங்கல் படி நெடுக வாந்தி. பிரித்த பொட்டலங்கள் அங்கங்கே கிடந்தன. ஒன்றைக் குனிந்து முகர்ந்தேன். புளிப்புக்கு மேலே வேறு ஒரு நாற்றம், அடைத்த சாக்கடையைக் குத்தினால் வருமே, அது. கடைவீதி ஈக்கள் எனக்கு முன்னால் மலையேறி வந்துவிட்டனபோல் அதன்மேல் மொய்த்தன. வாசல்மண்டப நிழலில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். டீச்சரம்மா தானும் வாந்தி எடுத்துக்கொண்டு, ஒவ்வொருத்தி தலையையும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லோருக்கும் தள்ளி, மதில் ஓரமாக ஒரு பெண் தனியாகக் கிடந்தாள். தளவானூர்க்காரி என்று பிறகு தெரிந்தது. கண் உள்ளே போய், உதடு வெளுத்து, புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. நான் பக்கத்தில் உட்காரவும் சேலையை இழுத்து மூடப் பார்த்தாள். கையில் வலு இல்லை.

"கிட்ட வராதீங்க சார். நாறுது."

அந்தக் குரலில் இருந்த கூச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை. சாகக் கிடக்கிறவள், யாரோ செய்த அசிங்கத்துக்குத் தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். மலையடியில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்தார்கள். அவளை அதில் கிடத்திக் கீழே இறக்கினோம். மற்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை போதாமல் தாழ்வாரத்தில் பாய் விரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் நரம்பே கிடைக்காமல், குத்திக் குத்திப் பார்த்து, கடைசியில் சலைன் ஏறியது.

அங்கிருந்து நேராக ஓட்டலுக்குப் போனேன். "ஸ்பெஷல்" என்று முதலாளி வாயெடுப்பதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டேன். தொட்டித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. மூங்கில் கழியால் அடியைத் துழாவினேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டு, மெல்லப் புரண்டு மேலே வந்தது. ஊதிப்போன எலி. மயிர் பாதி கழன்றிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சமும் மாறவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கி, கொல்லைக் கதவைத் திறந்து தெருவில் வீசினார். பிறகு அதே கையை அதே தொட்டியில் அலம்பினார்.

"பெருச்சாளி இல்ல சார். சின்ன எலிதான்."

மூங்கில் கழியைச் சுவரில் சாய்த்தேன்.

"தண்ணிய கொதிக்க வெச்சுதான சார் காப்பி போடறோம்? அப்பறம் இன்னா?"

கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். எத்தனையோ பார்த்தவன், வேலை நேரத்தில் வாந்தி எடுத்தது அன்றைக்குத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பி வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினேன். எழுந்தவர்களில் பலருக்கு என்மேல்தான் கோபம். பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டான் பாவி என்றார்கள். எலியைச் சொன்னேன். "அதான் எடுத்துப் போட்டாச்சே" என்றார் ஒருவர், இலையில் மிச்சமிருந்த அப்பளத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு.

பூட்டு ஒரு வாரம்கூடத் தொங்கவில்லை. கடலூரிலிருந்து எங்கள் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். அதற்குள் ஓட்டலுக்கு வெள்ளையடித்து, வாசலில் மாவிலை கட்டி, தொட்டிக்குத் தகரமூடி போட்டு, மூடிக்குக் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதிகாரி மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சலவைக்கல் மேசைமுன் உட்கார்ந்தார். என்னையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"கோட்டை பாக்க நாலு பேர் வர்ற ஊரு. இருக்கறதே இது ஒண்ணு. இதையும் பூட்டிட்டா எங்கய்யா சாப்பிடுவாங்க?"

"பட்டினி கெடந்தா சாக மாட்டாங்க சார்."

"அந்தப் பொண்ணும் சாகலையே" என்றார். வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார். மீசையில் சட்னி ஒட்டிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான இருக்கு. காப்பி குடி."

முதலாளி தன் கையாலேயே இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்துக் கைகட்டி நின்றார். நான் டம்ளரைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை, மேலதிகாரி உட்காரச் சொன்ன இடம்.

அப்போதுதான் வாசலில் அந்தப் பெண்ணின் நைனா வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, தளவானூரிலிருந்து வந்திருந்தார். எல்த்து சாரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார். இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர் மேசையைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். என் முன்னால் ஆவி பறந்த காப்பியைப் பார்த்தார். மாட்டுக்கொட்டகையில் எதையோ மிதித்துவிட்டவர்போல் முகம் சுருங்கியது. அப்படியே திரும்பி நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். புளியமரத்தடியில் பிடித்து நிறுத்தி, எலி, பூட்டு, கடலூர் ஜீப் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நீ குடிக்கல?"

"இல்லீங்க. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து குடிச்சதில்ல."

"சரி. ஆனா ஒக்காந்துதான இருந்த? எம்பொண்ண கொன்னுருப்பான். அவன் எடத்துல காப்பிய வெச்சுக்கினு ஒக்காந்துதான இருந்த?"

துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொண்டு, "படிப்பும் வாணாம் ஒண்ணும் வாணாம், நான் பொண்ண இட்டுக்கினு போறேன்" என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்.

ஓட்டலைத் திறக்கும் உத்தரவில் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அதிகாரியே போட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே அங்கே கூட்டம். பூட்டியிருந்ததால் ருசி கூடிவிட்டதுபோல வரிசையில் நின்று குடித்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஓட்டல்காரர்மேல் இருந்த அருவருப்பு ஊர்மேலேயே பரவியது.

அந்தப் பெண் திரும்பவும் படிக்கப் போனாள் என்பது மட்டும் பிறகு தெரிந்தது. டீச்சரம்மா ஒரு விடுமுறையில் தளவானூருக்கே போய் நைனாவோடு மல்லுக்கட்டி அழைத்துப் போனாராம். திரும்பும் வழியில் செஞ்சியில் பஸ் மாறியபோது என்னிடம் அவரே சொன்னார். அந்தப் பெண்ணும் பஸ்ஸில் இருந்தாள், ஜன்னலோரமாக. என்னைப் பார்த்துச் சிரித்தாள், சதை கொஞ்சம் பிடித்திருந்தது. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்த தூக்கை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எனக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் மாற்றல் வந்தது. டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஓட்டல் முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலண்டை வந்தார். கையில் ஒரு டம்ளர் காப்பி. உண்மையாகவே கண் கலங்கியிருந்தார், அதுதான் கொடுமை.

"ஒரு வாய் கூடக் குடிக்காம போறியே சார். எனக்கு மனசு கேக்கல."

டம்ளரை நீட்டினார். கட்டைவிரல் நகம்வரை காப்பிக்குள் இருந்தது.

"வேணாம்" என்றேன்.

"நெசமா வாணாமா?"

"வேணாங்க."

டம்ளரை இழுத்துக்கொண்டு, அண்ணாந்து, ஒரே மூச்சில் தானே குடித்தார். விரலைச் சப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். பஸ் கிளம்பியது. கைகாட்டி வழியனுப்பினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம் முழுக்க அங்கே சாப்பிட்டு எத்தனையோ பேருக்கு வயிறு போனது, அவருக்கு ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை.