பத்திரிகை ஓரத்தில் ஓடிய கார்

சென்ற கிழமை ஒரு பூனை என்னைக் கேள்வி கேட்டது. பூனை என்றால் படத்தில்தான். இணையத்தில், இடதுசாரி எண்ணமும் கார்மீது கோபமும் உள்ளவர்கள் கூடிக் கதைக்கும் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அங்கே ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. நகரத்தைக் காருக்காகக் கட்டினார்களா, மனிதருக்காகக் கட்டினார்களா என்று ஆறு மாதமாகச் சண்டை பிடிக்கிறோம். நான் பஸ்ஸின் பக்கம். பூனைப் படம் போட்டவர் கேட்டிருந்தார்: 'தோழர், உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.'

இருக்கிறது. வாசலில் நிற்கிறது. ஏழு பேர் இருக்கலாம். நாங்கள் மூன்று பேர். பதில் எழுதினேன், அழித்தேன். நாலு தரம். பிறகு எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, அந்தாள் பிரேசிலிலை இருக்கிறார். எட்டிப் பாக்கமாட்டார்."

அவள் சொன்னது சரி. ஆனால் என் உள்ளங்கை நனைந்திருந்தது. முகம் தெரியாத ஒருவர் 'நேராகச் சொல்லுங்கள்' என்றால் போதும், என் உடம்பு விசா எடுக்காமலே யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் போய்விடும். வியர்த்த கையில் ஒரு சின்னப் பென்சிலை வைத்திருந்தால் மரமும் கரியும் கலந்து புளித்தாற்போல ஒரு மணம் வரும். அந்த மணம்தான் எங்கள் ஊர் வாசிகசாலை.

ஓர் அறை, ஒரு நீட்டு மேசை, சாய முடியாத இரண்டு வாங்குகள். தொண்ணூற்று மூன்று, யுத்த காலம்; மின்சாரம் போய் மூன்று வருடம். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராது, பற்றரி வராது, சவர்க்காரம் வந்தால் செய்தி. அச்சடிக்கும் கடதாசியும் வராது. அதனால் உள்ளூர்ப் பத்திரிகையைப் பள்ளிக்கூடக் கொப்பிக்கான கோடு போட்ட தாளில் அச்சடித்தார்கள். மரண அறிவித்தல்களுக்கு ஊடாக நீலக் கோடுகள் ஓடும். கோட்டைக் கண்டால் எதையாவது எழுதவேண்டும் என்று பிரம்பால் பழக்கப்பட்ட சனம் நாங்கள். ஓரத்தில் கருத்து எழுதும் வழக்கம் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

பெயர் போடுவதில்லை. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்ப்பதுமில்லை. பார்த்தாலும் பார்த்ததாகக் காட்டுவதில்லை. இன்று ஒருவர் எழுதினால் மறுநாள் இன்னொருவர் கீழே பதில் எழுதுவார். வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட தில்லையம்பலம் அண்ணைக்கு இதெல்லாம் உத்தியோகபூர்வமாகத் தெரியாது. ஒரே ஒரு தரம், சண்டை தலைப்புச் செய்தியின் மேலேயே ஏறிவிட்டபோது, அவரே சிவப்பு மையில் எழுதி வைத்தார்: 'இது வாசிக்கிற சாலை.'

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞன். ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் நிவாரண அட்டை எழுதிக் கொடுத்தவன் நான். மிச்ச நேரத்தில் புரட்சிக்காரன். மொஸ்கோவில் அச்சான தடித்த மட்டைப் புத்தகங்கள் பதினொன்று என்னிடம் இருந்தன, நாலு வாசித்திருந்தேன். சோவியத் யூனியன் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன்தான். எங்களுக்கு எல்லாச் செய்தியும் பிந்தித்தான் வரும் என்பதால், அது திரும்ப ஒட்டிய செய்தி வழியில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பத்திரிகையில் ஒரு துண்டுச் செய்தி: ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் நடுவீதிகளில் காரைத் தடை செய்யப் போகிறார்களாம். நான் பென்சிலால் எழுதினேன்: 'அவர்கள் இனித்தான் செய்யப்போகிறார்கள். நாம் செய்துவிட்டோம். டாக்குத்தரும் சைக்கிள், தோட்டக்காரனும் சைக்கிள். கார் ஒரு முதலாளித்துவ வியாதி.' எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

மறுநாள் கீழே பச்சை மையில் பதில் இருந்தது: 'தோழர், பெற்றோல் இல்லாமல் வந்தது சமத்துவமில்லை, தட்டுப்பாடு. பிள்ளைப்பேற்று வலி வந்த பெண்ணைச் சைக்கிள் பாரில் இருத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறீரா?'

நான் பார்த்ததில்லை. ஆனால் பதினொரு புத்தகம் இருந்தது. பொதுப் போக்குவரத்து, உற்பத்திச் சாதனம், எதிர்காலச் சமுதாயம் என்று இரண்டு மாதம் எழுதினேன். பச்சை மை எப்போதும் ஒரு வரிதான் எழுதும். 'அந்த எதிர்காலச் சமுதாயத்தில் பஸ் எத்தனை மணிக்கு வரும்?' நான் ஓரம் முடிந்து விளையாட்டுச் செய்திக்குள் இறங்கிப் பதில் எழுதுவேன். பச்சை மை யார் என்று வீதியில் போகும் ஒவ்வொருவர் சட்டைப்பையையும் பார்ப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக யாரோடும் சண்டை பிடித்ததில்லை. கலியாணம் கட்டிய பிறகும்.

ஒரு வியாழக்கிழமை சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுத்தோம். ஆளுக்குக் கால் போத்தல். வரிசை வேலியோரமாக வளைந்து நின்றது. அப்போது பெடியளின் பிக்கப் ஒன்று போனது. அப்போது ஊரை ஆண்ட ஆயுத இயக்கத்துப் பெடியளை வெறுமனே பெடியள் என்றுதான் சொல்வோம். அந்த நாளில் அக்கம்பக்கத்தில் ஓடிய ஓரிரண்டு காருக்கும் மருந்து ஏற்றும் சிரிஞ்சில் நாலு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். புகை வெள்ளையாக வரும், கண் எரியும். இந்தப் பிக்கப்பில் புகையே இல்லை. அசல் பெற்றோல் மணம். வரிசையில் நின்ற சனம் முழுவதும் மூக்கை அந்தப் பக்கம் திருப்பி ஒரு இழுவை இழுத்தது, கோயிலில் கற்பூரத் தட்டு வந்தாற்போல. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொன்னேன். அன்று பின்னேரம், பச்சை மையின் வரிக்குக் கீழே, பென்சிலால், ஒரே வரி. பச்சை மையைப் பார்த்துப் பழகிய சுருக்கம்: 'சமத்துவம் என்றால் பிக்கப்பும் மண்ணெண்ணெயில் ஓடவேண்டும்.'

அடுத்த நாள் பின்னேரம் மேசையில் அந்தப் பத்திரிகை இல்லை.

"நேத்தையான் பேப்பரைப் பெடியள் கொண்டுபோயிட்டாங்கள், தம்பி," என்றார் தில்லையம்பலம் அண்ணை. "ஆர் எழுதினதெண்டு கேட்டாங்கள்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"எனக்கு வெள்ளெழுத்து எண்டன்."

பெயர் போடவில்லை, யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். காலையில் கடைக்குப் போய் முதல் அட்டையை வாங்கிப் பிரித்தபோதுதான் விளங்கியது. குடும்பத் தலைவர் பெயர், அங்கத்தவர் பெயர், விலாசம்: எல்லாம் உருண்டை உருண்டையாக, 'ண'வுக்கு வால் நீட்டி, என் எழுத்து. ஊரில் ஒவ்வொரு குசினியிலும் என் கையெழுத்தின் மாதிரி ஒன்று, சங்கத்தின் முத்திரையோடு இருக்கிறது. உலகத்தில் பெயரில்லாமல் எழுதத் தகுதியற்ற ஒரே ஆள் நான்.

எழுத்தை மாற்றினேன். அன்று வந்த புது அட்டைகளைச் சரித்துச் சரித்து எழுதினேன். மத்தியானத்துக்குள் ஒரு மனிசி அட்டையோடு திரும்பி வந்து சத்தம் போட்டார். "இது கள்ள மட்டை! தம்பியின்ரை எழுத்து எனக்குத் தெரியாதே? தம்பி முத்து முத்தாயெல்லோ எழுதும்!" கடையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்து, ஓம், இது தம்பியின் எழுத்தில்லை என்று சாட்சி சொன்னார்கள். திரும்பவும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

கார் இருந்த காலத்தில் ஆபத்து தூரத்திலேயே கேட்கும். சைக்கிளில் வந்தால் கேட்காது. என் வாதங்களில் நான் யோசிக்காமல் விட்ட இடம் அது. படலையடியில் பிரேக் பிடிக்கும் சின்னக் கிரீச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் எழும்பி நின்றேன். அம்மா வயிற்றுப் பூச்சி என்று நினைத்து வேப்பங்கொழுந்து அரைத்துத் தந்தார்.

ஐந்தாம் நாள் பெடியளில் ஒருவன் வந்தான். என்னைவிட இரண்டு வயது இளமை. சிரித்த முகம்.

"அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. சின்ன அலுவல்."

அந்த வசனத்தில் 'வந்திட்டு' என்ற பாதியை நம்பிப் போனவர்களில் சிலருக்குப் 'போங்கோ' என்ற பாதி நடக்கவில்லை. அம்மாவிடம் சொல்லாமல் போனேன். ஒரு வீட்டு விறாந்தையில் மேசை. மேசையில் அந்தப் பத்திரிகை. பொறுப்பாளர் வட்டுக்கோட்டைப் பக்கத்தவர், எங்கள் ஊருக்குப் புதிது. முகாமில் சாப்பிடுகிறவருக்கு நிவாரண அட்டை கிடையாது. என் எழுத்தை அவர் கண்டதில்லை. கதிரை காட்டினார். தேத்தண்ணி வந்தது. நான் கோப்பையைத் தொடவில்லை.

"ஹயர் கார் ஓடுற மணியண்ணை வந்து, இதெல்லாம் தான் எழுதினதெண்டு ஒப்புக்கொண்டிட்டார். பச்சையும் தானாம், பென்சிலும் தானாம். தன்னோடை தானே சண்டை பிடிச்சவராம்." அவர் சிரித்தார். "எனக்கு நம்பிக்கையில்லை. நீங்கள் எழுத்து வேலை செய்யிறவர் எண்டு ஊரிலை சொன்னாங்கள். பாத்துச் சொல்லுங்கோ. ரண்டும் ஒராளின்ரை எழுத்தோ?"

மணியம் அண்ணை! ஊரில் மிஞ்சிய ஒரே காரின் சொந்தக்காரர். பழைய ஏ ஃபோர்ட்டி. நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் மண்ணெண்ணெய்ப் புகைக்குள்ளால் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர். அவரா பச்சை மை? நான் அவருக்குத்தானா உற்பத்திச் சாதனம் பற்றி இரண்டு மாதம் பாடம் எடுத்தேன்?

பத்திரிகையைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தேன். 'ண'வின் வால் என்னைப் பார்த்தது. வேறு ஆள் என்று சொன்னால், யார் அந்த வேறு ஆள் என்ற கேள்வி வரும்.

"ஒரே கைதான்," என்றேன்.

"அப்ப எழுதித் தாங்கோ."

கடதாசியும் பேனாவும் முன்னால் வந்தன. இரண்டு 'ண' எழுதினால் நான் முடிந்தேன். அப்போதுதான் பரம்பரை பரம்பரையாக யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்களைக் காப்பாற்றிய ஒன்று எனக்குக் கைகொடுத்தது.

"இங்கிலீசிலை எழுதட்டே? அறிக்கையெண்டால் அதுதான் முறை."

அவர் யோசித்தார். "ஓம், எழுதுங்கோ. அதுதான் நல்லது."

மூன்று வரி எழுதிக் கையொப்பம் வைத்தேன். நல்ல ஆங்கிலம். போகலாம் என்றார்கள்.

ஒன்பது நாள் கழித்துப் பெடியளிடமிருந்து மணியம் அண்ணை திரும்பி வந்தார். கார் வரவில்லை. பொதுத் தேவைக்கு எடுத்துவிட்டார்களாம். அடுத்த மண்ணெண்ணெய் நாளில் வரிசையில் நின்று என் முன்னால் அட்டையை வைத்தார். மெலிந்திருந்தார். இடது பக்கத்தால் சரிந்து நின்றார். என் 'ண' ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"நல்ல எழுத்து, தம்பி. பென்சிலிலை இன்னும் வடிவு."

நான் அட்டையை இழுத்து அளவைப் பதிந்தேன்.

"மட்டையளைச் சேர்த்து ஒத்துப்பாக்கப் போறாங்கள் எண்டு தில்லையன் வந்து சொன்னான். அதுக்கு முந்தி நான் போய் ஒப்புக்கொண்டிட்டன். உமக்குக் கொம்மா இருக்கிறா. எனக்குக் கார் மட்டும்தானே." பிறகு குரலைத் தணித்தார். "நீர் எழுதிக் குடுத்ததையும் எனக்குக் காட்டினவங்கள். உம்மடை இங்கிலீசும் வடிவுதான்."

கால் போத்தல் மண்ணெண்ணெயை ஊற்றினேன். கொஞ்சம் வெளியே சிந்தியது. அவர் போத்தலைத் துடைத்து மூடினார்.

"ஆசைப்பட்டபடி காரை ஒழிச்சாச்சு, தோழர். வேலுப்பிள்ளையின்ரை மோளுக்கு இது பெறுமாசம். ஆரைக் கூப்பிடுறதெண்டு யோசிச்சு எழுதும்."

அவளைக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கதிரையின் ஒரு காலைப் பிடித்தேன். பிள்ளை வழியில் பிறந்தது; இருவரும் தப்பினார்கள். மணியம் அண்ணை அரிக்கன் லாம்போடு முன்னால் நொண்டிக்கொண்டு நடந்தார். அந்த இரண்டு மைலில் பத்துத் தரமாவது வாயெடுத்தேன், மன்னியுங்கோ என்று சொல்ல. சுற்றிவர ஆட்கள். யார் காதில் விழுமோ என்று விழுங்கினேன். பிறகு அது பழகிவிட்டது. அடுத்த கிழமை, அடுத்த மாதம், பிரச்சினை குறைந்த பிறகு. தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணமே மூட்டை கட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மழைக்குள் சனத்துக்கு நடுவே அவர் முதுகை ஒருதரம் கண்டேன். கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனேன். மருதனார்மடச் சந்தியில் வீதியைக் கடக்கப் பத்து நிமிடம் நின்றேன், அவ்வளவு வாகனம். வாசிகசாலை இருந்த இடத்தில் ஓடும் இல்லை, வாங்கும் இல்லை, பத்திரிகைக் கட்டும் இல்லை. தில்லையம்பலம் அண்ணை காலமாகிவிட்டாராம். மணியம் அண்ணை வன்னிக்குப் போனவர் என்று ஒருவர் சொன்னார், இந்தியாவுக்கு என்று இன்னொருவர். அவர் வீட்டைத் தேடிப் பிடித்தேன். ஒரு பெண் கேற்றைப் பாதி திறந்தார்.

"ஆரைத் தேடுறியள்?"

"மணியண்ணை எண்டு... முந்தி இஞ்சை கார் வைச்சிருந்தவர்."

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார், தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து காணிக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் வெளிறியது.

"எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. நாங்கள் அஞ்சு வருசமா இருக்கிறம். இஞ்சை இருக்கலாமெண்டு விதானையாற்றை கடிதம் இருக்கு."

"பயப்பிடாதேங்கோ பிள்ளை, நான் ஒண்டும் கேட்டு வரேல்லை. அவருக்கு ஒரு விசயம் சொல்லத்தான் வந்தனான்."

"என்ன விசயம்?"

இருபது வருடமாக ஒத்திகை பார்த்த வசனம் வாயில்தான் இருந்தது. அவர் என் பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் காணி உறுதிப் பத்திரம் ஏதும் இல்லையென்று காட்டப் பையைத் திறந்து பிடித்தேன். ஒரு தண்ணீர்ப் போத்தலும் குடையும் கிடந்தன. உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவர் கேற்றைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.