கொக்கை விரட்டிய கவிதை

என் கவிதைகளை வீட்டில்கூட யாருக்கும் காட்டியதில்லை. திருவையாற்றில் நடந்த கவிதைப் பட்டறையில்தான் முதல்முறையாக ஒன்றை வாசித்தேன். "உழுத வயலில் அன்னம் நடந்தது" என்று தொடங்கினேன்.

கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா கேட்டார்: "அன்னம்னா சோறாங்க, பறவையா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இனி எழுதவே கூடாது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா விடவில்லை.

"பறவைன்னா, பார்த்திருக்கீங்களா?"

"இல்லக்கா. எங்க வயல்ல கொக்குதான் டிராக்டர் பின்னாடியே வரும்."

"அப்புறம் அதை ஏங்க விரட்டினீங்க? உக்காந்து மாத்துங்க."

மாற்றி வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றார் அக்கா.

தனியாகவே எழுதிக்கொண்டிருந்தால், பார்க்காத பறவையைத்தான் கடைசிவரை எழுதியிருப்பேன். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.