மன்னாரில் நான் உயர்த்திய கொடி

வெள்ளி, பிற்பகல் 2.30. வவுனியாவிலிருந்து மன்னார் பஸ் புறப்பட்டபோது என் பையில் இரண்டு கொடிகள், ஒரு கறுப்புச் சீருடை, நியமனக் கடிதம். பெண்களுக்கான தேசிய வெற்றிக்கிண்ணக் காற்பந்துப் போட்டியின் காலிறுதி மறுநாள் மன்னாரில். நான் உதவி நடுவர். கோட்டோரம் ஓடிக் கொடி காட்டுபவள். தோற்கிற அணி அன்றோடு வெளியேறும் போட்டி இது.

செட்டிகுளம், முருங்கன், உயிலங்குளம் என்று ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். தள்ளாடிச் சந்தியைத் தாண்டியதும் வயல்வெளி முடிந்து இரு பக்கமும் கடல். தீவுக்குப் போகும் மூன்று கிலோமீற்றர்ப் பாதையில் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது. முன் இருக்கைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மாலை 5.00. பள்ளிமுனையில் ரீற்றா அக்காவின் வீட்டில் தங்க ஏற்பாடாகியிருந்தது. சின்னக் கடை ஒன்று நடத்துகிறார். பிட்டும் மீன் சொதியும் வைத்துவிட்டு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு எங்கட பிள்ளையள் வெண்டா அரையிறுதிக்குக் கொழும்பு போவினம். நாங்களும் பஸ் பிடிச்சுப் போக நிக்கிறம். நீங்கள் எந்தப் பக்கம்?"

"கோட்டுப் பக்கம், அக்கா."

சிரித்துவிட்டு இன்னும் ஓர் அகப்பை சொதி ஊற்றினார்.

சனி, பிற்பகல் 3.30. ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் மேய்ந்த நான்கு கழுதைகளைத் துரத்த வேண்டியிருந்தது. இவ்வூரில் யாரும் அதை விசேஷமாகக் கருதுவதில்லை. தெற்கிலிருந்து வந்த அணி முதற்பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு பந்து பெரும்பாலும் மன்னார்ப் பிள்ளைகளின் காலில்தான், கோல்தான் விழவில்லை.

எண்பத்தேழாவது நிமிடத்தில் நடுக்களத்திலிருந்து ஒரு நீண்ட உதை. காற்று பந்தைப் பிடித்து வைத்ததுபோல் அது இறங்கத் தாமதித்தது. நிலானி என்ற பதினேழு வயது மன்னார் முன்கள வீராங்கனை ஓடிப்போய் அதை வாங்கி வலைக்குள் அடித்தாள். நான் கொடியை உயர்த்தினேன். பந்து உதைபடும் கணத்தில் அவள் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றாள், ஆகவே ஓப்சைட் என்பது என் முடிவு. நடுவர் விசில் ஊதினார். கோல் இல்லை. ஆட்டம் 1–0 என்று முடிந்தது.

"கண்ணை வவுனியாவில விட்டுட்டு வந்தனீயோ?" என்று ஒரு பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். இரண்டு பொலிஸ்காரர் என்னை வாசல்வரை கூட்டிவந்தார்கள்.

மாலை 6.30. ரீற்றா அக்கா தேத்தண்ணி தந்தார். அவருடைய தங்கச்சி மைதான மதில்மேல் ஏறி நின்று ஆட்டத்தைப் போனில் வீடியோ எடுத்திருந்தார் என்று அறிந்து, காட்டச் சொல்லிக் கேட்டேன். மூன்று தரம் பார்த்தேன். பந்தில் கால் படும்போது நிலானி தடுப்பாளரைத் தாண்டாமல் ஓரடி பின்னால்தான் நின்றாள். நான் பந்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் முன்னால் ஓடியிருக்கிறாள். மதிலில் தங்கச்சி நின்ற இடம் தடுப்பாளருக்குச் சரியாக நேரே. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"பிழை என்ர, அக்கா."

"இப்ப மாத்தேலாதோ?"

"ஏலாது."

அவர் போனை வாங்கித் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, "சாப்பிடுங்கோ," என்றார்.

ஞாயிறு, காலை 8.15. தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் கலைந்ததும் ஆட்டோ பிடித்தேன். நிலானியின் ஊரான கீரிக்கு முந்நூறு ரூபா. சாரதி எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், ஊர்வழக்கில் 'நானா'. கண்ணாடியில் என்னை இரண்டு தரம் பார்த்தார்.

"கொடி பிடிச்ச பிள்ளை நீங்கதானே?"

"ஓம்."

"அந்தப் பிள்ளைட வீட்டுக்கோ போறீங்க? நான் வாசலிலயே நிக்கிறன். உங்களுக்குத் திரும்பி வர வாகனம் வேணும்."

நிலானி கிணற்றடியில் சப்பாத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தாய் கோவிலுக்கு உடுத்த சேலையுடன் வெளியே வந்தார். நான் நின்றபடியே சொன்னேன்: "நேற்று நீ பின்னுக்குத்தான் நிண்டனீ. நான் பிழையாக் காட்டிப்போட்டன்."

"இதைச் சொல்லவோ வந்தனீங்கள்?" என்றார் தாய். குரலில் கோபமா வியப்பா, தெரியவில்லை.

நிலானி தலை நிமிரவில்லை. "கோச் சேர் எல்லாருக்கும் முன்னால ஏசினவர், மிஸ். நான் அவசரப்பட்டு ஓடினதாலதான் தோத்தமாம். நானும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன்." சப்பாத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவருக்கும் சொல்லுவீங்களோ?" என்று கேட்டாள்.

அங்கேயே அவளுடைய போனில் கோச்சுக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "பிள்ளையிட்டக் குடுங்கோ," என்றார். அவள் ஈரக் கையோடு வாங்கி, "ஓம் சேர்... ஓம்... பரவாயில்லை சேர்," என்றாள். வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள். தாய் எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார்.

காலை 10.40. வவுனியா பஸ். போட்டி அறிக்கையில் எண்பத்தேழாவது நிமிடத்தைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதினேன். அதை வாசித்து மேலிடத்தில் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை அநுராதபுரத்தில் இன்னோர் ஆட்டத்துக்கு நான் முன்னரே பெயர் கொடுத்திருந்தேன். பிழைவிட்ட எனக்கு ஏழு நாளில் மைதானம் இருந்தது. சரியாக ஓடிய நிலானி அடுத்த கிண்ணத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.